புடுங்காத மம்பட்டி

கறி வேக இன்னும் நேரம் கெடக்கு. அதுவரைக்கும் அடுப்பையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்காம, இப்படி நெழலுக்கு வாங்க, சொல்லுதேன். ஏ பம்பாய்க்காரரே, நீரும் வாரும். ஒம்ம கண்ணு பூனக்கண்ணா இருக்கே, அது எங்கேருந்து வந்துதுன்னு ஒமக்குத் தெரியுமா? ஒம்ம பொண்டாட்டி, ஒம்ம வம்சம் காஷ்மீர் வம்சம்னு பம்பாய் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதாளாமே? காஷ்மீரும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. சொல்லுதேன், ஆனா குறுக்க பேசக் கூடாது. குறுக்க பேசினா எனக்குக் கோவம் வரும். கோவம் வந்தா கதை போயிரும், பொறவு கறியத் தின்னுட்டு ஒழுங்கா பஸ்ஸேறிருங்க.

அப்போ ரயிலு கெடையாது, ரோடு கெடையாது. இங்கிலீசுக்காரன் நம்ம பக்கம் எட்டிப் பாக்காத காலம். தூத்துக்குடியில ஒல்லாந்துக்காரன், அதான் டச்சுக்காரன், கொடி பறந்த காலம். அந்தக் காலத்துல இந்தச் செந்தேரி மணல்மேட்டு ஓரத்துல கரைமேலூருன்னு ஒரு ஊரு இருந்துது. எந்தக் கரைமேலூரு? இதே கரைமேலூருதான்.

ஊரு எப்படின்னா, மேக்க குளம், கெழக்க உப்போடை. குளத்துல மழைத்தண்ணி, ஓடையில கடல்தண்ணி. ரெண்டுக்கும் நடுவுல, இப்ப நாம உக்காந்துருக்கோமே, இந்தக் கரை. கரை ஒடைஞ்சா என்ன ஆகும்? நல்லதண்ணி கடலுக்குப் போயிரும், கடல்தண்ணி வயலுக்கு வந்துரும். ஒருவாட்டி உப்பேறுன வயலு பல மழை பாத்தாத்தான் திரும்பும். அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் கரையில ஒரு பங்கு. அவனவன் பங்கை அவனவன் வெட்டி ஒசத்தணும். புரட்டாசி பொறந்தா எவனா இருந்தாலும் மம்பட்டியத் தூக்கணும். பங்கை வெட்டாத வீட்டுக்குக் குளத்துத் தண்ணி கெடையாது. அப்படியொரு கட்டுப்பாடு.

அப்படி இருக்கையில ஒல்லாந்துக் கும்பினிக்காரன் ஓடை வாயில ஒரு கிட்டங்கி கட்டுனான். சுத்துவட்டாரத்துத் தறியில நெய்யுத துணியெல்லாம் கட்டுக் கட்டா அங்க வந்து எறங்கும், பொறவு கப்பலேறும். அந்தக் கிட்டங்கிக்கு அதிகாரியா வந்தவருதான் கொன்னேலித் துரை. அவுக பாஷையில அது கொர்னேலிசோ என்னவோ. நம்ம வாயில அவ்வளவு நொழையல. கொன்னேலித் துரை.

ஆளு நெட்டை. வெயிலு பட்டுப் பட்டுத் தோலு உரிஞ்ச மூக்கு. சாம்பல் நெறத்துல பூனக்கண்ணு. துரைக்குத் தமிழ் பேசணும்னு ஆசை. துபாசியா, பேச்ச மாத்திச் சொல்லுதவரா இருந்த குத்தாலம் பிள்ளை, பாவம், ஏடெல்லாம் கட்டிக்கொண்டு வந்து சொல்லிக்குடுக்க உக்காந்தாரு. துரைக்குப் பொறுமை இல்ல. நேரா போயி மீன் விக்கவளுக நடுவுல உக்காந்து படிச்சுட்டாரு. பொறவு எப்படி இருக்கும்? ஒருநா ஊரு நாட்டாமை எதுக்க வாராரு. துரை தொப்பியக் கழட்டி, குனிஞ்சு கும்பிட்டு, "வாரும் ஐயா, கட்டையில போவாரே, சொகமா இருக்கியளா?"ன்னு கேட்டாராம். நாட்டாமை மொகத்தப் பாக்கணுமே! குத்தாலம் பிள்ளை வேட்டியத் தூக்கி வாயப் பொத்திக்கிட்டு ஓடியே போயிட்டாராம். ஆனா ஒண்ணு, அன்னைலேருந்து துரைய ஊருக்குப் புடிச்சுப்போச்சு. மனசுல வஞ்சகம் வச்சவன் இப்படி வாய்விட்டு வைவானா?

எல்லாம் சரிதான், துரை மனசுல ஒரு ஏக்கம் உண்டு. சாயங்காலமானா உப்போடைப் பக்கம் வந்து நிப்பாராம், தண்ணியவே பாத்துக்கிட்டு. "என்ன துரை பாக்கீரு?"ன்னு கேட்டா, "எங்க ஊரு ஆறு"ம்பாரு.

எந்த ஊரு? ஒல்லாந்தா? அதான் இல்ல. துரை ஒல்லாந்துல பொறந்தவரே இல்ல. அமெரிக்காவுல பொறந்தவரு! ஏன், நம்ப முடியலையா? இங்கிலீசுக்காரனுக்கு முன்ன அங்கயும் ஒரு பக்கத்துல ஒல்லாந்துக்காரன் இருந்தான், தெரிஞ்சவுகளக் கேளுங்க. துரையோட பாட்டன் கப்பலேறி அங்க போனவரு. ஒல்லாந்து நாடே கடலுக்குத் தாழ்வா கெடக்காம். கரை போட்டுத்தான் அவுக ஊருல குடியிருக்கதே. அந்தக் கைத்தொழில வச்சு, பாட்டன் அமெரிக்காவுல ஒரு பெரிய ஆத்தோரம் கரை போட்டாரு. பாட்டன் போட்ட கரைய அப்பன் காத்தாரு. அப்பன்தான் அந்த ஆத்தங்கரை ஊருக்கு மணியம். வழக்குத் தீக்கது, காவலு வைக்கது எல்லாம் அவரு பொறுப்பு. அங்க ஐப்பசி வந்தா மரத்து எலையெல்லாம் ரத்தமா செவந்துருமாம். மார்கழியில ஆறே கல்லா ஒறைஞ்சு, புள்ளையளு அதுமேல சறுக்கி வெளையாடுமாம். துரை இதச் சொன்னா ஊரு சிரிக்கும். "ஆறு ஒறையுமாம்லா! துரை இன்னைக்குக் கள்ளு கொஞ்சம் கூடப் போட்டுட்டாரு"ம்பாவ.

அப்படி இருந்த அந்த அமெரிக்கா ஊருல ஒருநா இங்கிலீசுக்காரன் கப்பலு வந்து நின்னுது. சண்டையில்ல, சாவில்ல. ஒரு கொடி எறங்குச்சு, ஒரு கொடி ஏறுச்சு. நேத்து மணியமா இருந்த அப்பன் இன்னைக்கு யாருமில்ல. "எங்க ராசாவுக்குச் சத்தியம் பண்ணு, இருந்துக்கோ"ன்னான் இங்கிலீசுக்காரன். அப்பன் ரோசக்காரரு. மாட்டேன்னுட்டாரு. பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறிட்டாரு. பொறவு ஒல்லாந்துல சொந்தக்காரன் வீட்டுல ஒண்டி வளந்தாரு கொன்னேலி. வளந்ததும் கும்பினிக் கப்பலேறி இங்க வந்துட்டாரு. எத்தனை ஊரு பாத்தும் அவரு மனசு எங்கயும் ஒட்டல. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. 'போ'ன்னு எவனும் சொல்ல முடியாத ஒரு துண்டு மண்ணு வேணும். அதுல ஒரு வீடு, ஒரு புள்ளை. ஒரு மனுசனுக்கு இது பெரிய ஆசையா? ஆனா அதுக்குத்தான் அவரு உசுரையே வச்சுருந்தாரு.

இப்ப உச்சிமாளி கதைக்கு வாரேன்.

உச்சிமாளின்னு ஒருத்தி ஊருல இருந்தா. சின்ன வயசு. சங்கு குளிக்கப் போன புருசன் கரை திரும்பல. புள்ளை குட்டி கெடையாது. குளத்து வயலு கொஞ்சம் இருந்துது, கரையில ஒரு பங்கு இருந்துது. பங்குன்னா எப்பேர்ப்பட்ட பங்கு! கரையிலேயே தாழ்ந்த எடம். தண்ணி வந்தா மொதல்ல அங்கதான் முட்டும். புருசனோட தம்பி மாசானம்னு ஒருத்தன். நல்ல பாட்டாளி, வாய்தான் செத்த வாய். அவன் ஒருநா மம்பட்டியத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு வந்து, "மைனி, ஒங்க பங்க நான் வெட்டுதேன்"னான்.

அது லேசுப்பட்ட பேச்சு இல்ல, கேட்டியளா. அந்தக் காலத்துல ஊரு வழக்கம் என்னன்னா, தாலியறுத்தவ பங்குல ஒரு ஆம்பள மம்பட்டியப் போட்டு வெட்டுனா, அவன் அவளக் கட்டிக்கிடணும். மண்ணு மொதல்ல, தாலி பொறவு. மாசானத்துக்கு அவமேல மனசு இருந்துது, அது ஊருக்கே தெரியும். உச்சிமாளி என்ன சொன்னா? "ஒங்க அண்ணனுக்கு நான் இன்னும் அழுது முடிக்கல. அதுக்குள்ள மம்பட்டியோட வந்து நிக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல? போ அங்கிட்டு!" மாசானம் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போயிட்டான். அவளே மம்பட்டிய எடுத்தா. அவளே வெட்டுனா, அவளே கடவாப்பெட்டியில மண்ணு சுமந்தா.

புரட்டாசி வெயிலு, மண்டையப் பொளக்கு. உச்சிமாளிக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு. மம்பட்டியக் கரை உச்சியில ஓங்கிக் குத்தி, காம்பு மேல நிக்க நட்டு வச்சுட்டு, அந்தா அந்த ஒடைமரத்து நெழலுல கஞ்சி குடிக்கப் போனா. அந்த நேரம் பாத்துக் கொன்னேலித் துரை கரை மேல வாராரு. பாத்தாரு. கரையில மம்பட்டி ஒத்தையில நிக்கு. பக்கத்துல ஆளே இல்ல.

துரைக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இந்தப் பக்கம் பாக்காரு, அந்தப் பக்கம் பாக்காரு. தொப்பியக் கழட்டிட்டாரு. கண்ணுல தண்ணி முட்டுது. திடீர்னு ரெண்டு கையாலயும் மம்பட்டியப் புடுங்குனாரு. சட்டையக் கழட்டி வீசுனாரு. வெட்ட ஆரம்பிச்சுட்டாரு!

கரையில இருந்தவன் பூராவும் வேலைய நிறுத்திட்டான். உச்சிமாளி கஞ்சிச் சட்டியப் போட்டுட்டு ஓடியாந்தா. "ஏ துரை! யாரு மம்பட்டிய யாரு தொடுதது? கீழ போடும்!"

"போட முடியாது. புடுங்கிட்டேன்."

"புடுங்குனா திரும்ப நடும்!"

"நட்டா நான் ஊர விட்டே போணும்."

"கிறுக்குப் புடிச்சுருக்கா ஒமக்கு?"ன்னு அவ இடுப்புல கை வச்சுட்டா. குத்தாலம் பிள்ளை மூச்சிரைக்க வந்து சேந்தாரு. துரை அவுக பாஷையில படபடன்னு பொரிஞ்சு தள்ளுனாரு. பிள்ளை கேட்டுக் கேட்டு ஊருக்குச் சொன்னாரு. அது என்னன்னா, அவுக நாட்டுல கரைப்பங்கு பாக்க ஏலாம ஒருத்தன் நொடிஞ்சு போனா, அவன் மம்பட்டியக் கரையில நட்டு வச்சுட்டு ஊரை விட்டுப் போயிருவானாம். வீடு போச்சு, நெலம் போச்சு. பொறவு எவன் அந்த மம்பட்டியப் புடுங்குதானோ, நெலமும் அவனுக்கு, கரையும் அவனுக்கு. புடுங்கிட்டு வெட்டாம இருந்தா அவன மனுசனாவே மதிக்க மாட்டாவளாம்.

"பாவம் இந்தப் பொம்பள, நொடிஞ்சு போயி ஊர விட்டுப் போறான்னு நெனச்சுட்டாராம்"ன்னாரு பிள்ளை.

"நான் கஞ்சி குடிக்கப் போனேன்யா!"ன்னா உச்சிமாளி.

கரையே சிரிச்சுது. சிரிச்ச சிரிப்புல குளத்துக் கொக்கெல்லாம் எந்திரிச்சுப் பறந்துட்டுன்னு சொல்லுவாவ. ஆனா நாட்டாமை சிரிக்கல. "அவுக வழக்கம் கெடக்கட்டும் பிள்ளைவாள். நம்ம வழக்கப்படி இப்ப என்ன ஆச்சுன்னு துரைக்குச் சொல்லும்"ன்னாரு. உச்சிமாளி மொகம் குப்புன்னு செவந்துட்டு. "அதச் சொல்லாதியும்!"ன்னா. துரை விடல. சொல்லும் சொல்லும்னு பிள்ளையப் போட்டு உலுக்கி எடுத்துட்டாரு. பிள்ளை சொல்ல, துரை காது மடலெல்லாம் செவந்துட்டு. ஆனா மம்பட்டியக் கீழ போடல. மெதுவா சொன்னாரு: "அம்மா, நான் கரைக்கு மட்டுந்தான் வருவேன். வேற எதுக்கும் வரமாட்டேன். நெலமும் வெளைச்சலும் ஒனக்கே. ஆனா புடுங்குனவன் வெட்டணும். வெட்டலைன்னா செத்துப் போன எங்கப்பன் மொகத்துல நான் முழிக்க முடியாது."

சொன்னாப்புல வந்தாரு. கிட்டங்கிச் சோலி முடிஞ்சதும் வருவாரு, வெட்டுவாரு, போயிருவாரு. அவ மண்ணு சுமப்பா. மொதல்ல பேச்சில்ல. பொறவு கொஞ்சம் கொஞ்சமா துரை கதை சொல்ல ஆரம்பிச்சாரு. ஒறைஞ்ச ஆறு, செவந்த மரம், பாட்டன் போட்ட கரை எல்லாம் சொன்னாரு. கடைசியா ஒருநா, அப்பன் கப்பலேறுன அன்னைக்கு நடந்ததையும் சொன்னாரு. அப்பன் அந்த ஆத்தங்கரையில தன் மம்பட்டிய நட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் படகேறுனாராம். திரும்பித் திரும்பிப் பாத்தது புள்ளைதான். அந்த மம்பட்டிய யாரு புடுங்குனாவளோ, வெட்டுனாவளோ வெட்டலையோ, கரை நிக்கோ போச்சோன்னு சொல்லிட்டுத் துரை தேம்பி அழுதுட்டாராம்.

உச்சிமாளி கூர்மையான ஆளு. அழுதவரத் தேத்தாம ஒரு கேள்வி கேட்டா பாருங்க. "ஒங்க பாட்டன் போறதுக்கு முன்ன அந்த மண்ணுல யாரு இருந்தா?"

துரை கண்ணத் தொடச்சுக்கிட்டு, "அந்தக் காட்டு ஆளுங்க இருந்தாங்க. ஆத்துல மீன் புடிப்பாங்க, சோளம் போடுவாங்க"ன்னாரு.

"அவுக போகும்போது மம்பட்டி நட்டுட்டுப் போனாவளா?"

துரை வெட்டிப் போட்ட மண்ணப் பாத்தாரு. "இல்ல. அவங்கள யாரும் நட விடல"ன்னாரு. அன்னைலேருந்து துரை அந்த ஊரப் பத்திப் பேசுனா, 'எங்க ஆறு'ன்னு சொல்றத விட்டுட்டாராம். 'அந்த ஆறு'ம்பாராம். அவ ஒரு கேள்வியில மனுசன அப்படிப் பொரட்டிட்டா.

ரெண்டு புரட்டாசி இப்படிப் போச்சு. மூணாவது புரட்டாசியில உச்சிமாளிதான் வாயத் தொறந்தா. கடவாப்பெட்டியக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்து, "இந்தாரும், நீரு எத்தனை நாளைக்கு வெறும் மண்ண வெட்டிக்கிட்டு இருக்கப் போறீரு?"ன்னு கேட்டா. துரை பாவம், விளங்காம, "மழை வர்ற வரைக்கும்"ன்னாரு. அவ தலையில அடிச்சுக்கிட்டா.

கல்யாணம் கோயில்லயும் நடக்கல, அவுக சபையிலயும் நடக்கல. இந்தக் கரையில நடந்துது. கும்பினியில கண்டுங்காணாம விட்டுட்டாவ. மாசானம் வந்தான். சாப்புடல, பேசல. ஒரு கடவாப்பெட்டி மண்ணக் கொண்டாந்து அவுக பங்குல கொட்டிட்டுப் போயிட்டான். அடுத்த வருசம் ஆம்பளப்புள்ளை பொறந்துது. அப்பன் கண்ணு அப்படியே. அந்தக் கண்ணுதான்யா ஒம்ம கண்ணு, பம்பாய்க்காரரே! துரை அந்தப் புள்ளையத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, கரை மேல நடந்து, "பாரு, இது நம்ம மண்ணு. இங்க நம்மள யாரும் போன்னு சொல்ல முடியாது"ம்பாராம். சொல்லும்போதே அவரு கொரலு தழுதழுக்குமாம்.

சந்தோசம் எத்தனை நாளைக்கு நிக்கும்? ஒரு கார்த்திகையில கொண்டல் காத்து கெளம்புச்சு. மழைன்னா மழை, வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. மேக்க குளம் முட்டிக்கிட்டு நிக்கு. கெழக்க கடலு ஓடைக்குள்ள ஏறி வருது. நடுவுல கரை. நாட்டாமை தம்பட்டம் அடிக்கச் சொல்லிட்டாரு. ஆம்பள பொம்பள அத்தனை பேரும் கரையில. மத்தியானச் சோத்து நேரம், உச்சிமாளி பங்கு, அந்தத் தாழ்ந்த எடம், கரைஞ்சு எறங்க ஆரம்பிச்சுட்டு. மண்ணப் போடப் போட தண்ணி இழுத்துக்கிட்டுப் போவுது. ஓலையப் போட்டாவ, போச்சு. பனந்தடியப் போட்டாவ, போச்சு. ஒருத்தி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, "போச்சே, ஊரு போச்சே!"ன்னு ஒப்பாரியே வச்சுட்டா.

துரை ஒரு நிமிசம் கிட்டங்கியப் பாத்தாரு. கப்பலுக்குக் காத்துக் கெடக்க துணிக்கட்டு உள்ள மலையா கெடக்கு. ஒவ்வொரு கட்டும் சாக்கு வச்சு, இறுக்கிக் கட்டி, ஆளு தூக்க முடியாத கனம். சாவி அவரு இடுப்புல.

குத்தாலம் பிள்ளைக்கு விளங்கிட்டு. ஓடி வந்து காலப் புடிச்சுட்டாரு. "வேண்டாம் துரை. அது கும்பினிச் சரக்கு. அதுல கைய வச்சீருன்னா ஒம்ம இங்க இருக்க விடமாட்டாவ. கொண்டு போயிருவாவ. இந்த மண்ணு ஒமக்கு இல்லாமப் போயிரும். புள்ளைய நெனச்சுப் பாரும்!"

துரை என்ன சொன்னாரு? "கரை போனா மண்ணு யாருக்குமே இல்ல, பிள்ளை"ன்னாரு. அவ்வளவுதான். போயிக் கதவத் தொறந்து விட்டுட்டாரு.

மொதக் கட்டத் தோள்ல தூக்குனது யாரு? மாசானம்! ஊரே தூக்குச்சு. கட்டு மேல கட்டு, கட்டு மேல கட்டு. நீலத்துணி, வெள்ளைத்துணி, பூப்போட்ட துணி, சீமைக்காரி உடுத்த வேண்டிய துணியெல்லாம் ஒடைப்புக்குள்ள போவுது. அதுமேல மண்ணு, அதுமேல மிதி. துரையும் மாசானமும் இடுப்பளவு தண்ணியில நின்னு, கையோட கை கோத்து, கட்டு நழுவாம முதுகக் குடுத்துத் தாங்குனாவ. பொழுது சாயுறதுக்கு முன்ன காத்து திரும்பிட்டு. கடலு உள்வாங்குச்சு. கரை நின்னுட்டு. தண்ணியிலேருந்து ஏறும்போது மாசானம் கைய நீட்டி, "ஏறும் அண்ணாச்சி"ன்னான். அதுவரைக்கும் அவன் துரையத் துரைன்னுகூடக் கூப்புட்டதில்ல, கேட்டியளா. இப்பவும் அந்த எடத்துல ஆழமா வெட்டுனா நீலக்கந்தல் வரும்னு சொல்லுவாவ. நான் பாத்ததில்ல. வெட்டவும் விடமாட்டேன்.

பொறவு என்ன? பயந்தது நடந்துது. மழை விட்டதும் தூத்துக்குடியிலேருந்து படகு வந்துது. ஒரு அதிகாரி, கூட சிப்பாயிக. கிட்டங்கி காலியா கெடக்கு. "எதுக்குடா தொறந்தே?"ன்னான். "கரை ஒடைஞ்சுது"ன்னாரு துரை. "யாரு கரை?"ன்னான். "என் கரை"ன்னாரு. "ஏறு படகுல. பத்தாவிக்குப் போயிச் சொல்லு ஒன் நியாயத்த"ன்னான். பத்தாவின்னா கடலுக்கு அந்தப் பக்கம், ஜாவாவுல. போனவன் வாறது அபூர்வம். நாட்டாமை அதிகாரி கால்ல விழப் போனாரு. ஊரு சூழ்ந்துக்கிட்டு அழுவுது. துரைதான் கைய அமத்துனாரு. "ஒரே ஒரு சோலி இருக்கு, முடிச்சுட்டு வாரேன்"னாரு.

வீட்டுக்குப் போயி மம்பட்டிய எடுத்தாரு. கரைக்கு வந்தாரு. தன் பங்குல, துணிக்கட்டு போட்டு நிறுத்துன அதே எடத்துல, ஓங்கிக் குத்தி நட்டாரு. அதப் பாத்ததும் அந்த ஒல்லாந்து அதிகாரி தொப்பியக் கழட்டிட்டானாம். அவனுக்கும் தெரியும்லா, அவுக வழக்கம்.

துரை உச்சிமாளியப் பாத்துச் சொன்னாரு: "நான் திரும்பி வருவேனான்னு தெரியாது. இந்தத் தாழ்ந்த பங்க நீ ஒத்தையில பாக்க முடியாது. எவனாவது நல்லவன் புடுங்கட்டும். புடுங்குனவன் கரையையும் பாப்பான், ஒன்னையும் புள்ளையையும் பாப்பான். எனக்கு வருத்தமில்ல." சொல்லும்போது மாசானத்தப் பாத்தாரு. வேணும்னேதான் பாத்தாரு.

மாசானம் முன்னால வந்தான். அவன் கைய நீட்டி மம்பட்டிக் காம்புகிட்ட கொண்டு போறான்.

"மாசானம், நில்லு!"ன்னா உச்சிமாளி. புள்ளை இடுப்புல அழுவுது. அவ அழல. "எவனும் அதத் தொடக் கூடாது. புடுங்குனாத்தான அவரு போனவரு? புடுங்காத வரைக்கும் பங்கு அவருது. நட்டவரு வந்து அவரே புடுங்கட்டும். கேட்டீரா? நீரே வந்து புடுங்கணும்!"

அந்த நெட்டை மனுசன் கரையில மண்டி போட்டு, அந்த மண்ணுல நெத்திய வச்சு அழுதாராம். பொறவு புள்ளைக்கு ஒரு முத்தம் குடுத்தாரு. படகேறுனாரு. அப்பன மாதிரி இல்ல, திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாரு. கண்ணுக்கு மறையுற வரைக்கும் ஊரு நின்னுது.

அடுத்த புரட்டாசி வந்துது. துரை வரல. உச்சிமாளி வேற ஒரு மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போனா. போனா அங்க மாசானம் நிக்கான், தன் மம்பட்டியோட.

"தொடாதன்னு சொன்னேன்லா?"ன்னா.

"சொன்னிய மைனி. மம்பட்டியத் தொடல. கரையத் தொடலாம்லா?"

"வெட்டுனா ஊரு ஒன்னக் கேக்கும் மாசானம், வழக்கம் என்னன்னு."

"கேட்டா, வழக்கம் மாறிட்டுன்னு சொல்லுதேன்"னான். அந்தச் செத்த வாயன் வாழ்க்கையிலேயே பேசுன பெரிய பேச்சு அதுதான். குனிஞ்சு வெட்ட ஆரம்பிச்சான். நட்டு வச்ச மம்பட்டியச் சுத்தி, அது ஆடாம அசங்காம, பக்குவமா மண்ணப் போட்டு அமத்துனான். நாட்டாமை பாத்தாரு. வாயத் தொறந்து வழக்கம் பேசப் போறாருன்னு எல்லாரும் நெனச்சாவ. அவரு துண்ட இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு, தானும் ஒரு கடவாப்பெட்டி மண்ணத் தூக்கிட்டாரு. பொறவு ஊரே தூக்குச்சு. அவ பங்கு முடிஞ்ச பொறவுதான் அவனவன் பங்குக்குப் போனாவ.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். இன்னைக்கும் நம்ம ஊருல கரை வேலைன்னா மொத மண்ணு ஆளில்லாத வீட்டுப் பங்குக்கு. புருசன் செத்தவ, மகன் துபாயிக்குப் போனவ, படுக்கையில கெடக்கவன், எல்லாரு பங்கும் ஊரு பங்கு. வெட்டிட்டு எவனும் எதையும் கேக்கக் கூடாது. கல்யாணமும் கேக்கக் கூடாது, காணியும் கேக்கக் கூடாது. மாசானம் கடைசி வரைக்கும் கேக்கல. கல்யாணமும் கட்டிக்கிடல. அந்தப் புள்ளைய வளத்து ஆளாக்குனது அவன்தான். அவனோட தம்பி வம்சம்தான் அந்தா சோறு வடிக்கிற நம்ம தங்கமாரி.

துரை வந்தாரா? வரல. கப்பலு முங்கிட்டும்பாவ, பத்தாவியில காய்ச்சல்ல போயிட்டாரும்பாவ. உச்சிமாளி ஒத்துக்கிடல. பூவும் எடுக்கல, பொட்டும் அழிக்கல. தொண்டு கெழவியாகிச் சாகும்போதும் நெத்தி நெறையப் பொட்டோடதான் போனா. அவ கண்ண மூடுன அன்னைக்கு, "இனியாவது மம்பட்டிய எடுத்துருவோமா?"ன்னு ஒருத்தன் மகன்கிட்ட கேட்டுருக்கான். மகன் அவன அடிக்கவே போயிட்டானாம். இரும்பு துருப்புடிச்சு உதுந்தா புதுசா ஒண்ண நட்டுருவாவ. காம்பு செதலரிச்சா வேற காம்பு. ஆனா எவனும் புடுங்குனதில்ல.

போன வருசம் கரைய அகலப்படுத்துதோம்னு மண்ணு தோண்டுத மெசினக் கொண்டாந்துட்டாவ. டிரைவரு வெளியூருக்காரப் பையன். அந்த எடத்துக்கு வந்ததும் மெசின நிறுத்திட்டு, "பெருசு, யாருதுய்யா இந்த மம்பட்டி? நடுவழியில நட்டு வச்சுருக்கான், எடுக்கச் சொல்லுங்க"ன்னான். தங்கமாரிதான் போனான். மெசினுக்கு முன்னால போயி நின்னு, சாதாரணமா சொன்னான்:

"எங்க அண்ணாச்சிதுப்பா. ஒரு சோலியா வெளிய போயிருக்காவ. நீ சுத்திப் போ, அவுக வந்து எடுத்துக்கிடுவாவ."